அம்ப் வேண்ட முதல் அறைய அளந்து பாருங்கோ: கொழும்பு ஃபிளட்டுக்கு ஹைஃபை செற்றும் ரூம் கரெக்சனும்

போன மாசம் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் கோல் எடுத்தான். "அண்ண, ஆறு லட்சம் சேத்து வச்சிருக்கிறன், எந்த ஸ்பீக்கர் எந்த அம்ப் எண்டு மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்த நான் பாக்கிறன்." நான் கேட்டது, உன்ர ஹோல் எத்தின அடி, செற்றி எந்தச் சுவரோட கிடக்கு, நிலம் ரைல்ஸா எண்டு. ஆளுக்கு லேசாக் கடுப்பு. ஸ்பீக்கர் கேட்டா இந்தாள் வீட்டுப் புரோக்கர் மாதிரிக் கதைக்குது எண்டு நினைச்சிருப்பான்.

நான் அப்பிடிக் கேட்டதுக்குக் காரணம் நான் பட்ட பாடு. எங்கட வெள்ளவத்தை ஃபிளட் மூண்டாம் மாடி, ஹோல் 14 அடிக்கு 11 அடி, உயரம் 10 அடி, நிலம் முழுக்க ரைல்ஸ். காலி வீதிப் பக்கம் ஒரு கடையில என்ர இடுப்பு உயரத்துக்கு ரெண்டு டவர் ஸ்பீக்கர், கடையில கேக்கேக்க சொர்க்கம், கொண்டு வந்து வீட்ட போட்டா பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் ஒரே ஒரு நோட்டத் தொடேக்க மட்டும் ஹோலே குமுறுது, மற்ற நோட்டெல்லாம் எங்க போச்செண்டு தெரியேல்ல. மூண்டாம் நாள் கீழ் வீட்டு அன்ரி ஏறி வந்து "தம்பி, மேல ஏதும் மா அரைக்கிறீங்களோ" எண்டு கேட்டா. ஆறு மாசத்தில அரை விலைக்கு வித்தன். ஸ்பீக்கரில ஒரு பிழையும் இல்ல எண்டு பேந்து அளந்து பாக்கத்தான் விளங்கினது.

முதல்ல ரூம் கரெக்சன் எண்டா என்னெண்டு சுருக்கமாச் சொல்லுறன். நீங்கள் இருந்து கேக்கிற இடத்தில ஒரு மைக்க வச்சு, ஸ்பீக்கரால கூ...ய் எண்டு கீழ இருந்து மேல ஏறுற சத்தம் ஒண்ட விட்டு, அதில எந்தப் பகுதி கூடிக் கிடக்கு எது குறைஞ்சு கிடக்கு எண்டு கரெக்சன் உள்ள பெட்டி (அம்ப் மாதிரி ஒண்டு) பாக்கும், பாத்து அதுக்கு எதிரா ஈக்யூ போடும், அதாவது கூடினதக் குறைச்சு குறைஞ்சதக் கூட்டும். நல்ல பெட்டி எண்டா ஸ்பீக்கரும் சப்வூஃபரும் (பேஸுக்கெண்டே, அதாவது தடிச்ச கீழ்ச் சத்தத்துக்கெண்டே உள்ள தனி ஸ்பீக்கர்) வேற வேற தூரத்தில கிடந்தாலும் சத்தம் ஒண்டா வந்து சேர்ற மாதிரி நேரத்தையும் சரி பண்ணும். கூடிக் கிடக்கிற பேஸக் குறைக்கிறதில இது கெட்டிக்காரன். அறையில எதிரொலி இருந்தா அத இது நிப்பாட்டாது, ரெண்டு அலை மோதி ஒண்ட ஒண்டு தின்ற இடத்தில சத்தத்த உண்டாக்கவும் ஏலாது. இந்த ரெண்டும் ஏலாதெண்டபடியாத்தான் கீழ நான் சொல்லுற வேலையள் இந்த வரிசையில வருது.

வேலை ஒண்டு: மீற்றர் நாடாவும் ஃபோன் கல்குலேட்டரும்

அறையின்ர நீளம், அகலம், உயரம் மூண்டையும் அடியில அளந்து எழுதுங்கோ. 570 எண்ட எண்ண ஒவ்வொண்டாலயும் பிரியுங்கோ. எங்கட வெக்கையில சத்தம் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 1145 அடி ஓடும், அதில பாதிதான் இந்த 570. வாற விடை ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு எத்தின அதிர்வு எண்ட) கணக்கு, அந்த இடத்திலதான் ரெண்டு சுவருக்கு நடுவில அலை சரியா மாட்டுப்பட்டு அறையும் சேர்ந்து ஊதும். என்ர ஹோலுக்கு 14 அடி எண்டா 41, 11 அடி எண்டா 52, 10 அடி உயரத்துக்கு 57. பேஸ் கிட்டாரின்ர ஆகத் தடிச்ச கம்பிய ஒண்டும் பிடிக்காமச் சும்மா தட்டினா வாறதும் 41 ஹேர்ட்ஸ்தான், அன்ரி கேட்ட மா மில் இதுதான்.

மூண்டு எண்ணும் தள்ளித் தள்ளி வந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம். 10க்கு 10 அறை, உயரமும் 10 எண்டா மூண்டும் 57லயே வந்து குந்தும், அந்த அறையில பெரிய ஸ்பீக்கர் போடுறது நெருப்பில எண்ணெய் ஊத்துறது மாதிரி. ஹோலோட சாப்பாட்டு அறை சேர்ந்து திறந்து கிடக்கிற வீடெண்டா கணக்கு இவ்வளவு சுத்தமா வராது, ஆனா பேஸுக்கு ஓடுறதுக்கு வழி இருக்கிறபடியா அது கனக்க நேரம் நல்லதாத்தான் முடியும்.

அடுத்தது நடு அறையில நிண்டு ஒருக்கா வடிவாக் கை தட்டுங்கோ. "ட்ர்ர்ர்" எண்டு பல்லி சொல்லுற மாதிரி ஒரு வால் வந்தா வெறுஞ்சுவர் ரெண்டு எதிர் எதிரா நிக்குதெண்டு அர்த்தம். கொழும்பு ஃபிளட்டில சீமெந்துச் சுவர், ரைல்ஸ், கண்ணாடி யன்னல், இது மூண்டும் சேர்ந்தா குரல் எல்லாம் குளியலறைக்க பாடுற மாதிரி இருக்கும். இதுக்கு மருந்து புறக்கோட்டையில நல்ல தடிச்ச திரைச்சீலைத் துணி, நிலத்துக்குத் தடிப்பான கார்ப்பெற் ஒண்டு, பக்கச் சுவரில புத்தக அலுமாரி. பாய் விரிச்சாப் போதாதோ எண்டு ஒராள் கேட்டவர், பாய் போதாது, மெல்லிசான சாமான் மேல் சத்தத்த மட்டும்தான் குடிக்கும், பேந்து அறை இன்னும் மந்தமாக் கேக்கும்.

வேலை ரெண்டு: செற்றியத் தள்ளுறது

இதுக்குக் காசு செலவில்ல, அதாலயோ என்னவோ ஒருத்தரும் செய்யிறேல்ல. எங்கட வீடுகளில செற்றி எப்பவும் பின் சுவரோட ஒட்டிக்கிடக்கும், எல்லாப் பேஸ் அலையும் சுவரடியிலதான் உச்சத்தில நிக்கும், அங்க தலைய வச்சா குமுறல். சரி நடுவுக்கு வருவம் எண்டு அறையின்ர சரி நடுவில கதிரையப் போட்டா அந்த முதல் அலை அங்க செத்துப்போகும், எனக்கு 41 அப்பிடியே காணாமப் போச்சுது. பின் சுவரில இருந்து நீளத்தில 38 வீதம் முன்னுக்கு வாங்கோ எண்டு ஒரு கைக்கணக்கு இருக்கு, 14 அடிக்கு அது அஞ்சேகால் அடி. ஹோலுக்கு நடுவில செற்றி கிடந்தா வீட்டுக்காரி விடமாட்டா எண்டது எனக்கும் தெரியும். ரெண்டு அடி முன்னுக்கு இழுத்தாலே வித்தியாசம் கேக்கும், பின்னால கிடைக்கிற இடைவெளியில துணி காயப்போடுற ஸ்ராண்ட வைக்கலாம் எண்டு சொல்லித்தான் எங்கட வீட்ட அனுமதி எடுத்தது.

ஸ்பீக்கருக்கும் இப்பிடி ஒரு கணக்கு இருக்கு. அதின்ர முகம் ஸ்பீக்கருக்குப் பின்னால உள்ள சுவரில இருந்து எத்தின அடியோ அதால 286ஐப் பிரிச்சா வாற ஹேர்ட்ஸில ஒரு பள்ளம் விழும், ஏனெண்டா பின்னால போய்த் திரும்பி வாற அலை முன்னால வாறதோட எதிரா மோதும். ரெண்டு அடி எண்டா 143, ஆம்பிளைக் குரலின்ர நெஞ்சுச் சத்தம் இருக்கிற இடம் அது. ஒரு அடிக்குள்ள ஒட்டி வச்சா பள்ளம் 286க்கு மேல போகும், அங்க ஸ்பீக்கரும் கொஞ்சம் முன்பக்கமாத்தான் சத்தத்த விடும் எண்டபடியா பள்ளம் ஆழமில்ல. சின்ன ஹோலுக்கு நான் சொல்லுறது சுவருக்குக் கிட்ட வையுங்கோ, அதால கூடுற பேஸ ரூம் கரெக்சன் வெட்டட்டும். வெட்டுறது அதுக்கு லேசு.

வேலை மூண்டு: ஸ்பீக்கர்

மொத்தக் காசில பாதிக்குக் குறையாம இதுக்குப் போகவேணும் எண்டது என்ர கொள்கை. சின்ன அறைகளில கிட்டத்தட்ட 200, 300 ஹேர்ட்ஸ் வரைக்கும் அறைதான் ராசா, அதுக்கு மேல ஸ்பீக்கர்தான் ராசா. கனடாவில அரசாங்க ஆராய்ச்சிக் கூடத்தில இருந்து பேந்து ஹார்மன் கம்பனிக்குப் போன ஃபுளோயிட் டூல் வருசக்கணக்கா ஆக்கள வச்சு, எந்த ஸ்பீக்கர் எண்டு தெரியாத மாதிரி மறைச்சுக் கேக்க வச்சுப் பாத்தவர், நேர் முன்னால தட்டையாவும் பக்கவாட்டில சீரா இறங்கியும் சத்தம் விடுற ஸ்பீக்கரத்தான் ஆக்கள் திரும்பத் திரும்ப நல்லதெண்டு சொல்லியிருக்கினம். பக்கவாட்டுச் சத்தம் கோணலான ஸ்பீக்கர ஈக்யூவால திருத்த ஏலாது, நேர்ச் சத்தத்தத் திருத்தினா சுவரில பட்டு வாறது பிழைக்கும். அதால வேண்ட முதல் அந்த மொடலின்ர அளவுக் கோடுகளத் தேடிப் பாருங்கோ, விற்கிற பெடியன் "வோர்ம் சவுண்ட் அண்ண" எண்டு சொல்லுறத நம்பாதேங்கோ.

14க்கு 11 மாதிரி ஹோலுக்கு அஞ்சு அல்லது ஆறரை இஞ்சி டிரைவர் உள்ள, ஸ்ராண்டில வைக்கிற சின்னச் சோடி காணும். அதின்ர சென்சிற்றிவிற்றி 86 டெசிபெல் எண்டு போட்டிருந்தா 1 வாட்டுக்கு 1 மீற்றரில அவ்வளவு சத்தம், ஒவ்வொருக்காவும் வாட்ட ரெட்டிப்பாக்கினா 3 டெசிபெல் கூடும், 16 வாட்டுக்கு 98. ஃபிளட்டில இதுக்கு மேல கேட்டா அன்ரி இல்ல, பொலிஸ்தான் வரும். 50, 60 வாட் உண்மையாக் குடுக்கிற அம்ப் தாராளம்.

இங்கத்தைய ஆக்களுக்கு மட்டும் ஒரு விசயம். செக்கண்ட்ஹாண்ட் ஸ்பீக்கர் எடுக்கிறீங்கள் எண்டா முன் வலையக் கழட்டி, கோனைச் சுத்தி இருக்கிற விளிம்ப விரலால மெல்லமாத் தொட்டுப் பாருங்கோ. ரப்பர் எண்டா பயமில்ல. ஃபோம் எண்டா எங்கட ஈரக் காத்துக்கு உக்கி, தொட்டவுடன பழைய பிஸ்கட் மாதிரி உதிரும். கடற்கரைப் பக்கத்து வீட்டில இருந்து வாற சாமானெண்டா பின்னால வயர் பூட்டுற இடத்தில பச்சை பூத்திருக்கோ எண்டும் பாக்கவேணும்.

சப்வூஃபர் வேணுமோ? வேணும் எண்டுதான் சொல்லுவன். சத்தத்தக் கூட்டிறதுக்கில்ல. பாட்டுக்காரர் முன்னால மேடையில நிக்கிற மாதிரிக் கேக்க ஸ்பீக்கருக்கு நல்ல இடம் பேஸுக்குக் கூடாத இடமா இருக்கும், சப் எண்டா பேஸ எங்க நல்லதோ அங்க கொண்டுபோய் வைக்கலாம். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ சப், மேல ஸ்பீக்கர் எண்டு பிரியுங்கோ. இடம் பிடிக்கிறதுக்குப் பழைய வித்தை ஒண்டு இருக்கு, சப்பத் தூக்கி நீங்கள் இருக்கிற செற்றியில வச்சு பேஸ் உள்ள பாட்டு ஒண்ட ஓடவிட்டிட்டு, நீங்கள் நிலத்தில தவண்டு தவண்டு சுவரோரமாப் போங்கோ, எங்க ஒவ்வொரு நோட்டும் ஒரே அளவாக் கேக்குதோ அங்க சப்ப வையுங்கோ. நான் தவளேக்க மகள் வீடியோ எடுத்து அப்பம்மாவுக்கு அனுப்பிப்போட்டாள். காசு இருந்தா ஒரு பெரிய சப்ப விட ரெண்டு சின்னது நல்லம், எதிர் எதிர்ச் சுவரின்ர நடுவில ஒவ்வொண்டு வச்சா குமுறல் பாதி அங்கயே அடங்கும், ஹார்மனில டொட் வெல்ரி எண்டவர் அளந்து காட்டின விசயம் இது.

வேலை நாலு: கரெக்சன் உள்ள பெட்டி

இப்பத்தான் அந்தப் பெடியன் கேட்ட கேள்விக்கு வாறம். பெயரப் பாத்து மயங்க முதல் நாலு விசயம் கேளுங்கோ. சப் பூட்டினா ஸ்பீக்கருக்குப் போற பேஸ உண்மையா வெட்டுதா, இல்ல ரெண்டுக்கும் சேர்த்து அனுப்புதா. கரெக்சன எத்தின ஹேர்ட்ஸ் வரைக்கும் எண்டு நிப்பாட்ட விடுதா. கடைசியில சத்தம் எப்பிடி இருக்கவேணும் எண்ட கோட்ட நாங்களே வளைக்க ஏலுமா. மைக் பெட்டியோட வருதா. இக்மன் இணையத்தளத்தில செக்கண்ட்ஹாண்ட் ரிசீவர் (கனக்க ஸ்பீக்கர் பூட்டுற அம்ப்) பாக்கிற ஆக்கள் இந்த நாலாவதக் கட்டாயம் கேளுங்கோ, விக்கிறவரிட்ட ரிமோட்டும் இருக்கும் மனுவலும் இருக்கும், மைக் மட்டும் எப்பவோ துலைஞ்சிருக்கும், வேற கம்பனி மைக்க அதில குத்தி அளந்தா வாற விடை குப்பை.

குறைஞ்ச காசில தொடங்கிறதெண்டா வீம் மாதிரியான ஸ்ட்ரீமர் (நெற்றில இருந்து பாட்ட எடுத்து ஓட்டுற பெட்டி), அதின்ர ஃபோன் அப்புக்குள்ளயே கரெக்சன் இருக்கு, ஃபோன் மைக்காலயே அளக்கும். ஃபோன் மைக் கீழ் பேஸில நம்பேலாத சாமான், ஆனா பெரிய குமுறல் எங்க நிக்குதெண்டு காட்டிப்போடும். ஐஃபோன் மைக்குகள் ஒண்டுக்கொண்டு கனக்க வித்தியாசப்படாது, அன்ட்ரொய்ட் எண்டா ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி.

அதுக்கு மேல டெனன், மரான்ஸ் ரிசீவர்களில வாற ஓடிசி எண்ட கரெக்சன். வேண்டினா எக்ஸ்ரி32 எண்டு போட்டிருக்கிறத வேண்டுங்கோ, சாதா மொடலில வாறது கரடுமுரடு. காசு குடுத்து எடுக்கிற எடிற்றர் அப்பையும் கட்டாயம் போடுங்கோ, அது இல்லாட்டி ஓடிசி மேல் சத்தத்திலயும் கைவைக்கும், 2000 ஹேர்ட்ஸ் பக்கம் வேணுமெண்டே ஒரு சின்னப் பள்ளம் போட்டுப் பாட்டுக்காரரப் பின்னுக்குத் தள்ளும். அப்பில அத நிப்பாட்டலாம். யமஹாவில வைபிஏஓ, அந்தமில ஏஆர்சி, லிங்டோர்ஃபில ரூம்பெர்ஃபெக்ட் எண்டு ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்டு.

சுவீடன்காரற்ற டிராக் லைவ் எண்ட கரெக்சன் எனக்குப் பிடிச்சது, கோட்ட விரலால பிடிச்சு வளைக்கலாம். ஆனா லைசன்ஸப் பாருங்கோ, என்ஏடியின்ர சில மொடலோட சும்மா வாறது 500 ஹேர்ட்ஸ் வரைக்கும்தான், முழுசுக்கு மேலதிகமாக் காசு கட்டவேணும். உண்மையச் சொன்னா 500 வரைக்கும் எங்களுக்குக் காணும், அந்தக் காசுக்கு திரைச்சீலை தைக்கலாம். டெனன் எக்ஸ்3800எச்சிலயும் டிராக் தனிக் காசுதான்.

கொம்பியூட்டரில பாட்டுக் கேக்கிற ஆக்களுக்கு ஆக மலிவான வழி இருக்கு. யூமிக்1 எண்ட யூஎஸ்பி மைக், அளக்கிறதுக்கு ஆர்ஈடபிள்யூ எண்ட இலவச மென்பொருள், ஈக்யூ போட விண்டோஸுக்கு ஈக்வலைசர் ஏபிஓ, அதுவும் இலவசம். மைக்குக்கு மட்டும்தான் செலவு, அதின்ர சீரியல் நம்பரக் குடுத்தா அந்த மைக்குக்கெண்டே அளந்த ஃபைல இறக்கலாம். படிக்கக் கொஞ்சம் நாள் எடுக்கும். எந்தப் பெட்டிய வேண்டினாலும் இந்த மைக் வீட்டில இருந்தா பெட்டி செஞ்சது சரியோ எண்டு பாக்கலாம், அதால நான் எல்லாருக்கும் முதல்ல வேண்டச் சொல்லுற சாமானே இதுதான்.

வேலை அஞ்சு: அளக்கிற இரவு

பகலில அளக்காதேங்கோ. ஓட்டோ, பஸ் ஹோர்ன், கடற்கரை ரயில், எல்லாம் மைக்குக்குள்ள ஏறும். நான் இரவு பதினொண்டரைக்கு ஏசியையும் ஃபானையும் நிப்பாட்டி, ஃபிரிட்ஜையும் கழட்டிப்போட்டுத்தான் தொடங்கினன். மைக்க ஸ்ராண்டில உங்கட காது உயரத்தில வையுங்கோ, கையில பிடிக்கக் கூடாது, செற்றி முதுகில சாத்தவும் கூடாது. யூமிக்கக் கூரையப் பாக்க நிமித்தி வைக்கிறதெண்டா 90 பாகை ஃபைலப் போடுங்கோ. முதல் அளவு தலை இருக்கிற சரி இடத்தில, மற்றது ஒரு அடி ரெண்டடி சுத்தி, மேலயும் கீழயும். ஓடிசி எக்ஸ்ரி32 எட்டு இடம் கேக்கும், டிராக் ஒன்பதில இருந்து பதினேழு. சோம்பல் பிடிச்சு மூண்டோட விடாதேங்கோ.

எங்கட வீட்டில அண்டைக்கு அந்தக் கூய் சத்தம் கீழ இருந்து ஏறேக்க 50 தாண்டின இடத்தில "கிர்ர்ர்" எண்டு ஒரு சத்தம். ஸ்பீக்கர் போச்செண்டு நெஞ்சு திக்கெண்டுது. திரும்ப விட்டன், திரும்பவும் அதே இடத்தில. மனிசி நித்திரையால எழும்பி வந்து ரெண்டு நிமிசம் காதக் குடுத்துக் கேட்டிட்டு நேரா சாமித்தட்டுக்குப் போய் பித்தளைச் செம்ப குத்துவிளக்கில இருந்து அரை இஞ்சி தள்ளி வச்சா. சத்தம் நிண்டிட்டுது. யன்னல் கண்ணாடி, படச் சட்டம், ஷோகேஸில உள்ள கோப்பையள், எல்லாத்தையும் அளக்க முதல் இப்பிடி ஒருக்காத் தேடிப்போடுங்கோ, மைக் அதையும் சத்தமெண்டுதான் கணக்கெடுக்கும்.

வேலை ஆறு: திருத்துறது

பெட்டி தானாப் போட்டத அப்பிடியே விடவேண்டாம். முதல் வேலை, ரிசீவர் ஸ்பீக்கர "லார்ஜ்" எண்டு போட்டிருந்தா "ஸ்மோல்" ஆக்கி 80ல பிரியுங்கோ, அப்பத்தான் கீழ் பேஸ் சப்புக்குப் போகும். ரெண்டாவது, கரெக்சன 300 ஹேர்ட்ஸோட நிப்பாட்டுங்கோ, நல்ல ஸ்பீக்கர் வேண்டியிருந்தா மேல தொடத் தேவையில்ல. மூண்டாவது, கோட்டத் தட்டையாப் போடாதேங்கோ, தட்டை எண்டா அறைக்க உயிரில்லாமக் கேக்கும், ஆகக் கீழ பேஸ் நாலு அஞ்சு டெசிபெல் உயர்ந்து மெல்ல மெல்ல இறங்குற சரிவு நல்லம்.

பள்ளத்த நிரப்புற ஆசை எல்லாருக்கும் வரும். என்ர கோட்டில 70க்குக் கிட்ட ஒரு பெரிய குழி, 10 டெசிபெல் தூக்கிப் பாத்தன். 10 டெசிபெல் எண்டா பத்து மடங்கு வாட், 20 வாட் போற இடத்தில 200 கேக்கும், அம்ப் சூடாகினதுதான் மிச்சம், குழி அப்பிடியே கிடந்தது, ஏனெண்டா நேரா வாற அலை கூடினா அத எதிர்க்கிற அலையும் அதே அளவு கூடும். சப்ப ஒண்டரை அடி இடப்பக்கம் நகர்த்தினன், குழி பாதியாக் குறைஞ்சுது.

கரெக்சனப் போட்டும் நிப்பாட்டியும் கேட்டுப் பாக்கேக்க ரெண்டின்ர சத்த அளவும் ஒண்டா இருக்கட்டும், கூடச் சத்தமா இருக்கிறது எப்பவும் நல்லாத்தான் கேக்கும். கேக்கிறதுக்கு மிருதங்கம் நல்ல சாமான், தொப்பிப் பக்கம் (தடிச்ச சத்தம் வாற பக்கம்) அடி விழுந்து உடன நிக்கவேணும், பின்னால ஊதிக்கொண்டு இழுபடக்கூடாது.

கரண்ட் விசயம்

இத எழுதாம விட்டா கொழும்பில இருக்கிறன் எண்டு சொல்லேலாது. யப்பான் செக்கண்ட்ஹாண்ட் அம்புகள் இங்க கனக்க வருது, பாக்க வடிவு, ஆனா யப்பானில 100 வோல்ற், அமெரிக்காச் சாமான் எண்டா 120. பின்னால 230 எண்டு போட்டிருக்கோ பாருங்கோ, இல்லாட்டி பாரமான ட்ரான்ஸ்ஃபோமருக்கும் சேர்த்துக் காசு கணக்குப் போடுங்கோ. 2022 பங்குனி கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் நிண்ட நாளுகளில கரண்ட் திரும்பி வாற அந்த நேரத்திலதான் எங்கட மாடியில சாமான்கள் போனது. சேர்ஜ் புரொடெக்டர் போடுங்கோ, சித்திரையிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் பின்னேரம் முழங்கத் தொடங்கினா அதையும் நம்பாம பிளக்கையே இழுங்கோ, அதோட ரவுட்டரில இருந்து வாற வயரையும் கேபிள் ரீவி வயரையும், மின்னல் அதாலயும் வரும்.

எல்லாம் சரி வந்தா ஒவ்வொரு செற்றிங்கையும் ஃபோனில படம் எடுத்து வையுங்கோ, சொஃப்ற்வெயார் அப்டேற் ஒண்டு வந்து எல்லாத்தையும் துடைச்சிட்டுப் போன ஆக்கள் இருக்கினம். சப்ப 6 டெசிபெல் குறைச்சு இன்னொரு செற்றிங்கும் சேமியுங்கோ, இரவு பத்துக்குப் பிறகு எங்கட வீட்டில அதுதான். போன கிழமை படியில கீழ் வீட்டு அன்ரியக் கண்டன், "இப்ப பாட்டு ஒண்டும் கேக்கிறேல்லையோ தம்பி" எண்டா. தினமும் கேக்கிறன்.